இருபத்து நான்கு ஆவர்த்தனம்

நந்தனம் மைதானத்தில் காலை ஆறு மணிக்கு வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டமில்லை. ஆறேகால் ஆகிவிட்டால் வாக்கிங் வருகிறவர்களின் கார்கள் நிழலையெல்லாம் பிடித்துக்கொள்ளும். அதனால் நானும் ஷ்ரேயாவும் மயிலாப்பூரிலிருந்து ஐந்தேமுக்காலுக்கே கிளம்பிவிடுவோம். ஸ்கூட்டரை நான் ஓட்டுவேன். அவள் பின்னால் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டே வருவாள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மேடம், போன வாரம் குடும்ப நீதிமன்றத்தில் உங்கள் அறையில் நீங்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மனைவியின் பயிற்சிக்கு ஒத்துழைத்தீர்களா" என்பது. இரண்டு வருடம், வாரத்துக்கு ஐந்து நாள், ஒரு நாள்கூட நான் அவளைத் தாமதமாகக் கொண்டுபோய் விட்டதில்லை. உங்கள் தரப்பை உங்கள் கையாலேயே எழுதிக் கொண்டுவாருங்கள் என்றீர்கள். ஆலோசனையில் சொல்வது வெளியே போகாது என்றும் சொன்னீர்கள். போனாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

என் பெயர் ஸ்ரீகிருஷ்ணா. வீட்டில் கிச்சா. வயது முப்பத்தொன்று. மிருதங்கம் வாசிக்கிறேன். டிசம்பர் சீசனில் மதியம் ஒன்றரை மணிக் கச்சேரிகளில் என்னைப் பார்க்கலாம். அந்த நேரத்தில் ஹாலில் இருக்கும் இருபது பேரில் எட்டுப் பேர் கேன்டீனுக்காக வந்தவர்கள். மற்ற மாதங்களில் நாட்டிய வகுப்புகளுக்கு வாசிப்பேன், நியூ ஜெர்சியில் இருக்கிற குழந்தைகளுக்குக் கணினியில் பாடம் எடுப்பேன். பெரிய பெயர் கிடையாது. ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு எல்லாரும் சர்டிபிகேட் கொடுப்பார்கள். ஆரம்பித்த காலப்பிரமாணம் முடிகிற வரைக்கும் என் கையில் இம்மி அசையாது. மிருதங்கக்காரர்களுக்குப் பொதுவாக உள்ள குறை, உற்சாகம் வந்தால் வேகம் கூடிவிடும். "ஓட்டறான்" என்பார்கள். என்னை ஒருத்தர் அப்படிச் சொன்னது கிடையாது.

கல்யாணம் ஆகி மூன்று வருடம். பெண் பார்க்க அடையாறில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது ஷ்ரேயா பாடவில்லை. காபியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, "நான் ட்ரிபிள் ஜம்ப் பண்றேன். இருபத்தெட்டு வயசு வரைக்கும் விட மாட்டேன். அது ஓகேன்னா மத்தது பேசலாம்" என்றாள். அவள் அப்பா சுவாமிநாதன் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவர். அவர் முகம் சுருங்கிவிட்டது. இதே வாக்கியத்தைக் கேட்டு முன்னால் மூன்று பையன்கள் எழுந்து போயிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. நான் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் சரி என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது.

அவள் செய்கிற பயிற்சியைக் கொஞ்சம் விளக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்குப் புரியாது. ட்ரிபிள் ஜம்ப் என்பது ஓடிவந்து மூன்று தடவை தொடர்ந்து தாண்டி மணலில் விழுவது. அதற்கு வேண்டியது பலம் மட்டும் இல்லை, வெடிப்பு. அதை வளர்ப்பதற்கு பிளையோமெட்ரிக்ஸ் என்று ஒரு பயிற்சி முறை. ஒரு மரப்பெட்டி மேல் நின்று, அதிலிருந்து கீழே இறங்கி, பாதம் தரையைத் தொட்ட மறுகணமே எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயரம் எழும்ப வேண்டும். தரையில் பாதம் நிற்கிற நேரம் ஒரு செகண்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்கக் கூடாது. பார்க்கச் சின்னப் பிள்ளை விளையாட்டாக இருக்கும். ஆனால் அந்த ஒரு கணத்தில் உடம்பு எடையைப் போல ஐந்தாறு மடங்கு குதிகால் நரம்பில் இறங்குகிறது.

பெட்டிகளைச் செய்து கொடுத்தவர் சிந்தாதிரிப்பேட்டை மெஹபூப் பாஷா. கடைகளுக்கு ஷெல்ஃப் அடிக்கிறவர். அவர் பெண் ருக்சார் அதே மைதானத்தில் உயரம் தாண்டுகிறவள். ஷ்ரேயாவுக்கு அவள்தான் நெருக்கம். இரண்டு பேரும் ஒருவர் குதிப்பதை மற்றவர் போனில் படம் பிடிப்பார்கள். கோச் கருணாகரன் அதைச் சாயங்காலம் பார்த்துத் திருத்தம் சொல்வார். அவருக்கு அந்தப் பக்கம் முப்பது பிள்ளைகள், எல்லாரையும் பக்கத்தில் நின்று பார்க்க முடியாது.

முதல் வாரமே கருணாகரன் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். "சார், இது ஸ்டாமினா ஐட்டம் இல்ல. ஒரு குதிக்கும் அடுத்த குதிக்கும் நடுவுல பதினஞ்சு செகண்ட். ஒரு செட்டுக்கும் அடுத்த செட்டுக்கும் மூணு நிமிசம். ரெஸ்ட்டுலதான் சார் பவர் ஏறுது. ரெஸ்ட்டு கம்மியாச்சுன்னா டச்சு லேட்டாவும், லோடு பூரா குதிகால் நரம்புல வுழும். அது அந்து போச்சுன்னா ஜம்பருக்கு அத்தோட முடிஞ்சுது." அவர் சொன்னதை நான் ஒரு வார்த்தை விடாமல் நினைவு வைத்திருக்கிறேன். ஞாபக சக்தி எங்களுக்குத் தொழில்.

ஷ்ரேயாவுக்கு ஒரு கோளாறு. கடிகாரத்தைப் பார்த்தால் பதற்றம் வந்துவிடும். "வாட்ச்சைப் பாத்தா இன்னும் இருபது செகண்ட், இன்னும் பத்துன்னு மனசு ஓட ஆரம்பிச்சுடறது, கிச்சா. ஓய்வே எடுக்க முடியல" என்றாள். அப்போது இந்த யோசனை எனக்குத்தான் வந்தது. மிச்சமிருந்த ஒரு பெட்டி மேல் நான் உட்கார்ந்துகொண்டு ஆதி தாளம் தட்டினேன். எட்டு அட்சரம் ஒரு ஆவர்த்தனம். ஒவ்வொரு ஆவர்த்தனத்தின் ஆரம்பத்திலும் எண்ணை வாய்விட்டுச் சொல்வேன். குதிகளுக்கு நடுவில் இரண்டு ஆவர்த்தனம், செட்டுகளுக்கு நடுவில் இருபத்து நான்கு. கருணாகரன் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தார். மூன்று நிமிடம், ஒரு செகண்ட் கூடுதல். மறுநாளும் பார்த்தார். மூன்று நிமிடம். "இன்னா சார், மிசினா நீங்க" என்று சிரித்துவிட்டு ஸ்டாப்வாட்ச்சைப் பையில் போட்டார். அப்புறம் அதை எனக்காக எடுக்கவே இல்லை.

ஷ்ரேயா கண்ணை மூடிக்கொண்டு புல்லில் படுத்திருப்பாள். இருபது வரும்போது எழுந்து உட்காருவாள், இருபத்திரண்டில் பெட்டி மேல் ஏறுவாள், இருபத்து நான்கு முடிந்து சமம், அதாவது அடுத்த முதல் தட்டு, விழும்போது இறங்குவாள். நான் தட்டுவதற்கு அவள் உடம்பு பழகிவிட்டது. ஐந்து மாதத்தில் பன்னிரண்டு மீட்டர் அறுபத்தொன்று, பன்னிரண்டு தொண்ணூற்றெட்டு ஆயிற்று. மணலோடு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். சட்டையெல்லாம் மணல். அந்தத் தொண்ணூற்றெட்டில் என் பங்கு எவ்வளவு என்று யாராவது கணக்குப் போட்டால் நான் மறுக்க மாட்டேன்.

எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். அவளுடைய அம்மா, "இப்படி ஒரு ஆம்படையான் யாருக்குக் கிடைப்பான்" என்று போகிற வருகிற இடத்தில் எல்லாம் சொன்னாள். என் அம்மா அபயாம்பாள் மட்டும் வேறு மாதிரி. "நீ அவளுக்கு ஆம்படையானா, அசிஸ்டென்ட்டாடா?" என்பாள். கேலிதான். அம்மாவுக்கு எங்கே தொட்டால் வலிக்கும் என்று தெரியும்.

போன மார்ச்சில் ஒரு சின்ன சபாவில் வாசித்தேன். அன்றைக்கு நன்றாகவே வாசித்தேன். மிருதங்கம் மட்டும் வாசிக்கிற தனி முடிந்ததும் முன்வரிசையில் ஒருவர் தலையை ஆட்டினார். கடைசியில் செயலாளர் மைக்கைப் பிடித்து, "மிருதங்கம் வாசித்த ஸ்ரீகிருஷ்ணா, நம்ம தடகள வீராங்கனை ஷ்ரேயாவோட ஆத்துக்காரர்" என்றார். அதற்குத்தான் ஹால் கை தட்டியது. என் தனிக்கு இல்லை. நான் எழுந்து கும்பிட்டேன். எனக்குப் பொறாமை இருந்ததா என்று நீங்கள் கேட்டீர்கள். உங்கள் அறையில் இல்லை என்றேன். இருந்தது. எழுதிவிட்டேன்.

ஆனால் பொறாமையால் ஒன்றும் செய்யவில்லை. அதைத் தனியாகச் சொல்லவேண்டும்.

ஜூன் ஆரம்பத்தில் கருணாகரன் செய்தி கொண்டுவந்தார். செப்டம்பரில் தேர்வு. பதின்மூன்று மீட்டர் இருபது தாண்டினால் வடக்கே தேசிய முகாம். இரண்டு வருடம் அங்கேயே தங்க வேண்டும். சாப்பாடு, மருத்துவம், வெளிநாட்டுப் போட்டி எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஷ்ரேயா அங்கேயே ட்ராக்கில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். ருக்சார் அவளைத் தூக்கிச் சுற்றினாள். வீட்டுக்கு வரும் வழியில் லஸ் சிக்னலில் நின்றபோது, "அப்போ நான்?" என்று கேட்டேன். ஹெல்மெட்டுக்குள் அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. மறுபடி கேட்டேன். "நீ வந்து போயிண்டிரு, கிச்சா. லீவு கிடைக்கறச்சே" என்றாள்.

யோசித்துப் பாருங்கள். எனக்கு எங்கே லீவு, யாரிடம் லீவு. சபாவும் நாட்டிய வகுப்பும் இங்கே இருக்கிறது. அங்கே போய் நான் என்ன செய்வேன்? அங்கே எண்ணுவதற்கு மெஷின் இருக்கும், வெள்ளைக்காரக் கோச் இருப்பான். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னை விட்டுவிட்டுப் போவது பற்றி அவள் ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசித்துக்கூடப் பார்க்கவில்லை.

முதல் தடவை நடந்தது தற்செயல். ஒரு வியாழக்கிழமை, எட்டு மணிக்கு நாட்டிய வகுப்பு, நேரமாகிவிட்டது. என் கை கொஞ்சம் முந்திவிட்டது. முடித்த பிறகு எனக்கே உறைத்தது, இருபத்து நான்கு ஆவர்த்தனம் மூன்று நிமிடத்துக்குப் பத்து செகண்ட் குறைவாக முடிந்திருக்கும் என்று. வாழ்க்கையில் முதல் தடவையாக ஓட்டியிருந்தேன். ஷ்ரேயா எழுந்தாள், ஏறினாள், இறங்கினாள். அவளுக்குத் தெரியவில்லை. ருக்சாருக்கும் தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை என்பதை நான் மட்டும் தெரிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் அதே இடத்தில் ஆரம்பித்தேன். அதற்கடுத்த வாரம் இன்னும் ஒரு நூல். காலப்பிரமாணத்தைத் திடீரென்று மாற்றினால் எந்தக் குழந்தைக்கும் தெரிந்துவிடும். வாரத்துக்கு ஆறு ஏழு செகண்ட் என்று கரைத்தால் வித்வானுக்கே பிடிபடாது. எண் மாறவே இல்லை, கவனியுங்கள். இருபத்து நான்கு என்றால் இருபத்து நான்கு. ஒரு ஆவர்த்தனத்தைக்கூட நான் முழுங்கவில்லை. பத்தாவது வாரம் மூன்று நிமிடம், இரண்டு நிமிடத்துக்கும் கொஞ்சம் கீழே வந்துவிட்டது. குதிகளுக்கு நடுவே பதினைந்து செகண்ட் பத்துக்கு வந்தது. கச்சேரி மேடையில் அப்படி ஒரு வேலையை யாராலும் செய்ய முடியாது என்று எனக்குள் ஒரு திருப்தி இருந்ததையும் மறைக்கவில்லை.

ஜூலை நடுவில் அவளுக்கு வலி ஆரம்பித்தது. காலையில் படுக்கையிலிருந்து இறங்கி வைக்கிற முதல் நாலு அடி மட்டும். "குதிகாலுக்கு மேல கயிறு கட்டின மாதிரி இருக்கு. நடந்தா சரியாயிடறது" என்றாள். நான் போனில் தேடிப் படித்தேன். அந்த அறிகுறிக்கு என்ன பெயர், எத்தனை வாரம் நிறுத்த வேண்டும், நிறுத்தாவிட்டால் என்ன ஆகும், எல்லாம் தெளிவாகப் போட்டிருந்தது. அவளிடம், எல்லா ஜம்பருக்கும் இருப்பதுதான், இப்போது போய்க் கோச்சிடம் சொன்னால் செப்டம்பர் தேர்வுக்கு உன் பெயரை அனுப்ப மாட்டார் என்றேன். தினமும் ராத்திரி நல்லெண்ணெய் சூடு பண்ணி அவள் காலைப் பிடித்துவிட்டேன். அவள் என் மடியில் காலை வைத்துக்கொண்டே தூங்கிப்போவாள்.

கருணாகரன் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கேள்வி அனுப்புவார். "வலி ஏதாவது உண்டா?" ஷ்ரேயா போன் பெரும்பாலும் என்னிடம்தான் இருக்கும், அவளுக்கு அதில் நாட்டம் கிடையாது. "இல்லை சார்" என்று நான்தான் பதில் போடுவேன். ஐந்து ஞாயிற்றுக்கிழமை போட்டேன். ஒரு தடவை கைகூப்பும் பொம்மையும் சேர்த்துப் போட்டேன்.

ருக்சார் ஒருநாள் கேட்டாள். "இன்னாண்ணா இது, அக்காக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கினு கீது, அதுக்குள்ள அடுத்த செட்டா?"

"இருபத்து நாலு ஆயிடுத்தேம்மா. நீயும்தான் கேட்டுண்டிருந்தே" என்றேன்.

"ஆமா, எண்ணுனீங்க" என்றாள். எண்ணைக் கேட்டிருந்தாள், அதனால் மேலே பேசவில்லை.

கருணாகரன் படங்களைப் பார்த்துவிட்டு வந்தார். "சார், டச்சு லேட்டாவுது. முட்டி உள்ள வுழுது. டயர்டா தெரியுது பொண்ணு. ரெஸ்ட்டு கரெக்டா குடுக்கறீங்கல்ல?" நான், "இருபத்து நாலு ஆவர்த்தனம் சார்" என்றேன். பொய் இல்லை. அவர் மண்டையைச் சொறிந்துகொண்டே போனார். பாவம், நல்ல மனிதர்.

ஆகஸ்ட் இருபத்திரண்டு, வியாழக்கிழமை. கருணாகரன் ஜூனியர் பிள்ளைகளோடு திருச்சிக்குப் போயிருந்தார். நான் வண்டியை நிறுத்தும்போது என் சட்டைப் பையில் ஷ்ரேயாவின் போன் அதிர்ந்தது. "ஷ்ரேயா, இன்னிக்கு பாக்ஸ் வேணாம்மா. நேத்து வீடியோ சரியில்ல. நடந்துட்டு வீட்டுக்குப் போ. திங்கக்கிழமை நான் வந்து காலைப் பாக்கறேன்" என்று இருந்தது. ஷ்ரேயா பத்தடி தள்ளி ஷூ கட்டிக்கொண்டிருந்தாள். நான் செய்தியை இரண்டு தடவை படித்தேன். அழித்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அதன் இடத்தில் வைத்தேன்.

பிறகு கருணாகரனிடமும் அவள் அப்பாவிடமும், நெட் கிடைக்கவில்லை, பார்க்கவில்லை என்று சொன்னேன். ஆஸ்பத்திரியில் கருணாகரன், "நான் ஒரு போன் அடிச்சிருக்கணும், மெசேஜ் போட்டுட்டு வுட்டுட்டேனே" என்று சுவரில் சாய்ந்து அழுதார். நான் அவர் தோளைத் தட்டி, பரவாயில்லை சார் என்றேன். இன்றுவரை அவர் தன் தப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். இந்தக் காகிதத்தை அவருக்குக் காட்டுவதானால் காட்டுங்கள்.

மூன்றாவது செட்டில் நாலாவது குதி. அவள் இறங்கினாள், பாதம் பதிந்தது, எழும்பவில்லை. ஈர வேட்டியை உதறினாற்போல் ஒரு சத்தம். விழுந்தவள் காலைப் பிடித்துக்கொள்ளவில்லை, திரும்பிப் பின்னால் பார்த்தாள். அந்த நரம்பு அறுந்தால் பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரிதான் இருக்குமாம், டாக்டர் பிறகு சொன்னார். பின்னால் பெட்டி மேல் நான்தான் உட்கார்ந்திருந்தேன், கை இன்னும் பலகை மேல். "யாரு உதைச்சா, கிச்சா?" என்று கேட்டாள். யாரும் இல்லைம்மா என்று ஓடிப்போய்த் தூக்கினேன். நான் பயந்துபோனேன், அதை நீங்கள் நம்ப வேண்டும். இவ்வளவு சத்தம் வரும் என்று எந்தக் கட்டுரையிலும் போட்டிருக்கவில்லை.

அறுவைச் சிகிச்சை நன்றாக நடந்தது. நடக்கலாம், படி ஏறலாம், குழந்தை பெற்றுக்கொள்ளலாம், ட்ரிபிள் ஜம்ப் மட்டும் மறந்துவிடுங்கள் என்றார்கள். அப்புறம் பதினொரு வாரம் அவள் வீட்டில் இருந்தாள். உங்கள் படிவத்தில் திருமண வாழ்க்கை பற்றிக் கேட்டிருக்கிறீர்களே, அந்தப் பதினொரு வாரம்தான் நாங்கள் குடும்பம் நடத்தினோம். நான் அவளுக்குத் தலை தேய்த்துவிட்டேன். ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு உட்காரவைத்து, மாட வீதிப் பக்கம் போகிற பஸ்ஸையும் ஆட்டோவையும் பார்த்துக்கொண்டிரு என்று விட்டுவிட்டு வகுப்புக்குப் போவேன். வரும்போது அதே இடத்தில் இருப்பாள். அம்மா, "இப்பத்தான்டா ஆத்துல ஒரு பொண்ணு இருக்கற மாதிரி இருக்கு" என்றாள். சாயங்காலம் நான் சாதகம் பண்ணும்போது பக்கத்தில் இருந்தாள். நான் வாசிப்பதை அவள் முழுசாகக் கேட்டது அந்த நாட்களில்தான். ராத்திரியில் சில சமயம் அழுவாள். நான் எழுந்து தண்ணீர் கொடுப்பேன்.

செப்டம்பர் தேர்வு நடந்த அன்றைக்கு அவள் எதுவும் சாப்பிடவில்லை. எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அம்மாவிடம் அவளுக்குப் பிடித்த தேங்காய்ச் சேவை பண்ணச் சொன்னேன்.

நவம்பரில் ருக்சார் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள். மத்தியானம் மூன்று மணி இருக்கும். நான் உள் அறையில் வாருக்குத் தண்ணீர் தடவி மிருதங்கத்தைச் சரி செய்துகொண்டிருந்தேன். போனில் இடம் இல்லை, பழைய படங்களையெல்லாம் அழிக்கப் போகிறேன், அதற்கு முன்னால் அக்கா பார்த்து வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும் என்று வந்தாளாம். அந்தப் பெண்ணுக்கு ஒரு பழக்கம். போனைத் தண்ணீர் பாட்டில் மேல் சாய்த்து வைத்து ஓட விட்டால் நிறுத்தமாட்டாள். குதியும் இருக்கும், ஓய்வும் இருக்கும். கருணாகரன் ஓய்வைத் தள்ளிவிட்டுக் குதியை மட்டும் பார்ப்பார். ஷ்ரேயாவுக்குத் தள்ளிவிட மனசு வரவில்லை. புல்லில் படுத்திருக்கிற தன்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பெட்டி மேல் நான் தட்டுவது தெளிவாகக் கேட்டது, பாஷா நல்ல பலகை போட்டிருந்தார்.

உள்ளேயிருந்து எனக்கும் கேட்டது. முதலில் ஒன்று. நின்றது. இன்னொன்று. நின்றது. அப்புறம் இரண்டும் ஒன்றாக. ஷ்ரேயா தன் போனுக்கு எடுத்துக்கொண்ட ஜூன் மாதப் படம், ருக்சார் போனில் ஆகஸ்ட்.

"கிச்சா, இங்க வா."

போனேன். அவள் கையில் ஒரு போன், ருக்சார் கையில் ஒரு போன்.

"ரெண்டும் ஆதி தாளம். ரெண்டும் நீ. எது சரியான காலம்?"

"ஜூன்" என்றேன்.

யோசித்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பேன். காலப்பிரமாணம் கேட்டால் எனக்குப் பொய் வராது, இருபது வருடப் பழக்கம். ருக்சார் எழுந்து நின்றாள். "இன்னாண்ணா சொல்றே நீ" என்றாள், அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை. அப்புறம் கத்தினாள். மாடியிலிருந்து அம்மா இறங்கி வந்தாள். ஷ்ரேயா கத்தவில்லை. கட்டுப் போட்ட காலைத் தூக்கித் தூக்கி வைத்து அறைக்குள் போனாள், ஒரு பையோடு வந்தாள். வாசலில் ஆட்டோ நின்றது. "ஏன்?" என்று மட்டும் கேட்டாள். நான் பையை வாங்கி ஆட்டோவில் வைத்தேன். கனமாக இருந்தது, அவளால் தூக்க முடியாது.

ஏன் என்பதைத்தான் இதில் எழுதியிருக்கிறேன். அவள் மனுவில் "கொடுமை" என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறார்கள். அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். நான் அவள் மேல் ஒரு நாள்கூடக் கை ஓங்கியது கிடையாது, ஒரு கடுமையான வார்த்தை சொன்னது கிடையாது. மற்றதெல்லாம் உண்மை. ஓய்வைக் குறைத்தது நான். வலியை மறைத்தது நான். வேண்டாம் என்று கோச் சொன்னதை அழித்துவிட்டு, அறுந்துபோகும் என்று தெரிந்தே பெட்டியை எடுத்து வைத்ததும் நான். தவறி நடக்கவில்லை, பத்து வாரம் யோசித்துச் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை அடையாறில் அவள் போகிற பிசியோதெரபி இடத்துக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். கண்ணாடி வழியாகத் தெரிந்தது. மறுபடி ஆரம்பித்திருக்கிறாள், மேடம். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குகிறாள். டாக்டர்கள் முடியாது என்று சொன்ன பிறகும். பக்கத்தில் ஒரு பையன் போனைப் பார்த்துக்கொண்டு ஏனோதானோவென்று எண்ணிக்கொண்டிருந்தான், நடுவில் யாரிடமோ பேசினான். எனக்குப் பதைப்பாக இருந்தது. இந்த மாதிரி நேரத்தில் ஓய்வு ஒரு செகண்ட் குறைந்தாலும் அந்தக் காலுக்கு ஆகாது. நீங்கள் அவளைப் பார்க்கும்போது ஒன்று மட்டும் சொல்லுங்கள், எண்ணிக்கை விஷயத்தில் வேறு யாரையும் நம்ப வேண்டாம், நான் வந்து எண்ணுகிறேன்.